பொம்புளைப் பக்கத்துக் கமரா

எங்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். இந்தியாவிலிருந்து வந்த ஒரு புடவை வியாபாரி, எதிர்வீட்டுப் பெண்ணை நான் "தாத்தா" என்று கூப்பிட்டதைக் கேட்டு அவரை மேலும் கீழும் பார்த்துத் திகைத்து நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அந்தத் தாத்தாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. காத்தான்குடியில் எல்லோருக்கும் அவர் கமரா தாத்தா. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துத் தெருக்காரருக்கே தெரியாது.

எங்கள் கல்யாணங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் பக்கத்துக்கு ஸ்டூடியோப் பெடியன்கள் வருவார்கள். பெண்கள் பக்கத்துக்குள் அவர்கள் நுழைய முடியாது. அங்கே பெண்கள் அபாயாவையும் ஷோலையும் கழற்றிக் கட்டிலில் குவித்துவிட்டு, தலை சீவி, நகை மாற்றி, சத்தமாய்ச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதைப் படமெடுக்க ஒரு பெண் வேண்டும், எல்லோரும் நம்புகிற பெண்ணாகவும் இருக்க வேண்டும். ஓட்டமாவடியிலிருந்து கல்முனை வரைக்கும் அப்படி ஒருவர்தான் இருந்தார்.

அவரிடம் காட்டுவதற்கு ஓர் அல்பம்கூடக் கிடையாது. புதிதாகக் கேட்டு வருகிறவர்கள், "நீங்க எடுத்த படம் ஒண்டு காட்டுங்களேன்" என்பார்கள்.

"என்னட்ட ஒண்டுமில்ல. இரிந்தா நாளைக்கு ஒங்கட மகள்ட படத்தையும் இப்புடித்தான் இன்னொருத்தருக்குக் காட்டுவன்" என்பார் தாத்தா.

வந்தவர்கள் அந்த இடத்திலேயே கல்யாண நாளைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கல்யாணம் முடிந்து சில நாளில் மணப்பெண்ணின் வீட்டுக்குப் போவார். கமராவை வயரால் டீவியில் கொழுவி, கதவைச் சாத்திவிட்டு, பெண்ணுக்கும் அவளுடைய உம்மாவுக்கும் ஒவ்வொரு படமாய்க் காட்டுவார். வேண்டாம் என்று அவர்கள் சொன்னது அந்த நிமிசமே அழிந்துவிடும். வேண்டியதைத் தன் வீட்டு அறையிலிருந்த சின்னப் பிரிண்டரில் தானே அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். பிறகு கமராவைப் பெண்ணின் கையில் வைத்து, "மகள், நீயே அமத்து" என்பார். அவள் பொத்தானை அமத்துவாள். கார்ட் வெறுமையாகிவிடும். "நீ என்ன நம்பித் தந்த அமானிதம் ஒனக்கிட்ட வந்திட்டு" என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்படுவார்.

நான் பெண்கள் பாடசாலையில் கணினி படிப்பிக்கிறவள். அதனால்தான் தாத்தாவுக்கும் எனக்கும் நெருக்கம் வந்தது. அவரிடம் இரண்டு கமராக்கள் இருந்தன. இரண்டும் கட்டாரில் வேலை செய்த தம்பி அனுப்பியவை. முதலில் வந்தது ஒரு சின்னக் கமரா. சவர்க்காரக் கட்டியளவுதான், வெள்ளி நிறம், உள்ளங்கையை மூடினால் மறைந்துவிடும். அதை வைத்துத்தான் தொழிலே தொடங்கினார். பல வருடத்துக்குப் பிறகு வந்தது பெரியது. மிரர்லெஸ் என்று தம்பி சொன்னதை, "உள்ளுக்குக் கண்ணாடி இல்லாத கமராவாம்" என்று எல்லோரிடமும் விளக்கிக்கொண்டு திரிந்தார். அதன் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு நான் அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டு போனேன். ஓரிடத்தில் அமத்தியதும் மேசையிலிருந்த என் போன் சிணுங்கியது. கமரா போனைக் கண்டுபிடித்துவிட்டது, படத்தை அனுப்பட்டுமா என்று கேட்கிறது. நான் சந்தோசமாய்க் காட்டினேன். தாத்தாவின் முகம் வெளிறிப்போனது.

"வயர் இல்லாமலா?"

"ஓம் தாத்தா, வைபையால."

"அப்ப இது தானா ஆருட போனுக்கும் போயிருமா?"

நாங்கள் விட்டால்தான் போகும் என்று எத்தனை விதமாய்ச் சொல்லியும் அவருக்கு மனம் ஆறவில்லை. அதை நிப்பாட்டி வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு கல்யாணத்துக்குப் போகுமுன் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். "அந்த வைபை நிப்பாட்டித்தான் கிடக்கா எண்டு ஒருக்காப் பாரு தங்கச்சி." பெரியதில் கார்ட் போட இரண்டு இடம் இருந்தது. ஒன்று பழுதானால் மற்றதில் படம் இருக்கும் என்று விளக்கினேன். இரண்டாவது கார்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டார். "ஒண்டக் காப்பாத்தவே எனக்குப் பாடு."

இரண்டையும் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால், இரண்டு மருமகள்களைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் தோன்றும். பெரியவ, சின்னவ. பெரியவ கெட்டிக்காரி, இருட்டு அறையிலும் வெளிச்சத்தை எங்கிருந்தோ உறிஞ்சி எடுத்துவிடுவாள், ஆள் அசைந்தாலும் கண்ணைத் தேடிப் பிடித்துவிடுவாள். மணப்பெண்ணின் இமை மயிர் ஒவ்வொன்றையும் எண்ணலாம். சின்னவளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் தூவினது மாதிரி இருக்கும். அமத்திக் கொஞ்சம் கழித்துத்தான் எடுப்பாள், அதற்குள் சிரித்த வாய் மூடிவிடும்.

"பின்ன என்னத்துக்கு இதையும் காவிக்கொண்டு போறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பெரியவளக் கண்டா எல்லாரும் மாப்பிள வீட்டார் பாக்க வந்த மாதிரி இருந்திருவாங்க புள்ள. முதுக நிமித்தி, வாய மூடி. சின்னவளக் கண்டா ஒருத்தரும் கணக்கெடுக்க மாட்டாங்க. கையில என்ன இரிக்கெண்டே தெரியா. அவங்கட பாட்டில சண்டை பிடிப்பாங்க, சோறு தின்னுவாங்க, அழுவாங்க. அதத்தான் பொண்ணுங்க மறுகா மறுகாப் பாப்பாங்க."

மேடையில் பெரியவ, அறைக்குள் சின்னவ. அதுதான் அவருடைய முறை.

அவருடைய கண்டிப்பு எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் காக்கா, அதாவது அண்ணன், அறை வாசலில் வந்து நின்று, பெண்ணின் படம் ஒன்றைப் போனுக்கு அனுப்பச் சொன்னார். மாப்பிள்ளைதான் கேட்டாராம். தாத்தா கதவை ஒருச்சாய்த்துக்கொண்டு, "மாப்பிள கேட்டா மாப்பிள வரட்டும். இன்னும் கொஞ்சத்தால ஆளையே பாக்கப் போறார்தானே" என்றார். அந்த மனிதர் கோபத்தில் சத்தம் போட, உள்ளேயிருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அதன் பிறகு அந்தக் குடும்பத்தில் நடந்த எந்தக் கல்யாணத்துக்கும் அவரை அழைக்கவில்லை. தாத்தா அதைப் பெருமையாகச் சொல்வார்.

பிறகு ஒரு நாள் ஏறாவூரிலிருந்து ஓர் உம்மா வந்தார்.

நான் பாடசாலை விட்டு வந்தபோது அவர் தாத்தா வீட்டுக் கதிரை நுனியில் இருந்தார். அவருடைய மகள் முதல் பிரசவத்தில் கண்மூடி மௌத்தாகிவிட்டாள். கட்டுப்பாடான குடும்பம், படமெடுக்கிற பழக்கமில்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான் இருந்தது. அதில் அவள் பயந்துபோனவளைப் போலிருக்கிறாள் என்றார் அந்த உம்மா. மகள் சிரித்த படம் ஒன்றைக் கூட்டாளியின் கல்யாணத்தில் தாத்தா எடுத்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கூட்டாளியிடம் போய்க் கேட்டிருக்கிறார். தலையில் ஷோல் இல்லாத படம் என்று அதை அன்றே அழிக்கச் சொல்லிவிட்டதாக அவள் சொல்லியிருக்கிறாள்.

"அழிச்சாலும் கொம்பியூட்டருக்குள்ள எங்கயாவது கிடக்குமாமே டீச்சர்?" என்று என்னைக் கேட்டார்.

சின்னக் கமராவின் கார்டில் என்னிடமிருந்த மென்பொருளைப் போட்டுத் தேடினேன். அந்தக் கார்டின் மேல் எத்தனையோ கல்யாணங்கள் எடுத்து அழித்தாகிவிட்டது. வந்ததெல்லாம் திறக்க முடியாத துண்டுகள். அந்த உம்மா பின்னேரம் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆடை படர்ந்து ஆறிப்போனது. கடைசியில் எழும்பி, தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படம் இல்லாட்டிப் பரவால்ல மகள். நீங்க கண்டீங்கதானே. எப்புடிச் சிரிச்சா எண்டு சொல்லுங்களன்."

தாத்தாவுக்கு அந்தப் பெண்ணை நினைவில்லை. எத்தனை அறைகள், எத்தனை பெண்கள். பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வராது. அந்த உம்மா கையை விட்டுவிட்டு, ஸலாம் சொல்லிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தாத்தாவில் எந்த மாற்றமும் எனக்குத் தெரியவில்லை. முன்போலவே வாசலில் வந்து வைபையைப் பார்க்கச் சொன்னார். முன்போலவே மணப்பெண்களின் கையில் கமராவைக் கொடுத்து அமத்தச் சொன்னார். ஆனால் அவர்கள் அமத்தியது பெரிய கமராவை மட்டும். சின்னதையும் டீவியில் கொழுவிக் காட்டிவிட்டு, "இத வீட்ட போய் அழிக்கிறன் மகள், இதுட பட்டன் கொஞ்சம் இறுக்கம்" என்று பைக்குள் வைத்துவிடுவாராம். அவர் சொன்னால் யாருக்குச் சந்தேகம் வரும்?

இது எனக்குத் தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓட்டமாவடியில் ஒரு கல்யாணம் முடித்து, கல்முனை போகும் பஸ்ஸில் வந்து காத்தான்குடியில் இறங்கியிருக்கிறார். நான் முன்வாசலில் இருந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தாத்தா தன் வீட்டுக்குப் போகாமல் நேராக என் படலையைத் திறந்துகொண்டு வந்தார். பெரிய கமராப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"சின்னவளக் காணல்ல தங்கச்சி."

அபாயாப் பொக்கற்றில்தான் வைத்தாராம். பஸ்ஸில் சனம் நெருக்கியதால் பெரிய பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். சின்னது எப்போது வழுக்கி விழுந்தது என்று தெரியவில்லை. பாரமே இல்லாத சாமான், இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுபோலத்தான்.

"போனாப் போகட்டும் தாத்தா. இண்டைக்கு எடுத்தது மட்டும்தானே அதுக்குள்ள" என்றேன்.

அவர் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"பழசெல்லாம் அழிச்சிட்டீங்கதானே?"

"இல்ல."

"எவ்வளவு கிடக்கு?"

"எல்லாம். அந்த ஏறாவூர் உம்மா வந்துபோன நாள்ள இருந்து எடுத்ததெல்லாம்." தூணைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு உம்மா வந்து கேட்டா என்ன சொல்றது எண்டுதான் புள்ள வச்சிருந்தன். நான் ஒருக்காலும் தொறந்துகூடப் பாக்கல்ல."

தெருமுனையில் நின்ற ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைத் துரத்தினோம். ஆரையம்பதி கடந்தது. பஸ் தெரியவில்லை. இடது பக்கம் தென்னந்தோப்புகள் ஓடின, வலது பக்கம் வீடுகளுக்கு நடுவே வாவி மினுங்கி மினுங்கி மறைந்தது. தாத்தா எல்லாத் துஆவையும் ஓதிக்கொண்டு வந்தார். குருக்கள்மடத்தில் ஒரு கடைக்கு முன்னால், சனம் இறங்கிக்கொண்டிருக்கையில் அந்த பஸ்ஸைப் பிடித்தோம்.

தாத்தா யாரிடமும் கேட்கவில்லை. ஏறியதும் தான் இருந்த இருக்கைக்குக் கீழே முழங்காலில் விழுந்தார். ஆட்கள் காலைத் தூக்கினார்கள். கடலைத் தோலும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் குழந்தையின் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. அடுத்த வரிசைக்குத் தவழ்ந்து போனார். கண்டக்டர் இளம் ஆள். முன்னால் இருந்து வந்தார்.

"என்னக்கா, போன் தொலைஞ்சிட்டா?"

"கமரா. சின்னது."

"அந்த சீற்றில இருந்த ஆக்கள் கனபேர் இறங்கிட்டாங்களே. ஆராவது எடுத்திருப்பாங்க. நீங்க பயப்பிடாதீங்க அக்கா, உள்ளுக்க போட்டோ கிடக்கும்தானே, அதப் பாத்து ஆளப் பிடிச்சிக் கொண்டுவந்து தருவாங்க."

"பாக்க வேணாம் தம்பி" என்றார் தாத்தா தரையிலிருந்தபடியே. "கிடைச்சா திறக்காமத் தரச் சொல்லுங்க. ஒருத்தரும் திறக்க வேணாம்."

கண்டக்டர் சிரித்துவிட்டார். அவர் கெட்டவரில்லை. பின்னால் இருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் தாத்தாவுக்கு உறைத்தது. பார்க்கக்கூடாத படங்கள் உள்ள கமரா ஒன்று இந்தப் பாதையில் எங்கோ கிடக்கிறது என்பதை அந்த பஸ் முழுக்கத் தானே சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாள்களை எப்படிச் சொல்வது? ஒரு பொருள் தொலைந்தால் செய்கிற எதையும் அவரால் செய்ய முடியவில்லை. பொலிசில் முறைப்பாடு எழுதலாம். கமரா கிடைத்தால் அவர்கள்தான் முதலில் திறப்பார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லலாம். என்ன கமரா, யாருடைய படம் என்று ஊரே கேட்கும். பேஸ்புக்கில் போடலாம் என்றேன் நான், சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. தேடுகிற ஒவ்வொரு வழியும் பார்க்கச் சொல்லி அழைக்கிற வழியாகவே இருந்தது.

அவர் அந்த பஸ்களில் சும்மா போய் வரத் தொடங்கினார். காலையில் ஏறி ஓட்டமாவடி போவார், திரும்பி வருவார். ஒவ்வொரு கண்டக்டரிடமும் மெதுவாய்க் கேட்பார். மருமகப் பிள்ளைகளின் படம் உள்ள கமரா என்று பொய் சொல்லப் பழகிக்கொண்டார். ஒரு பின்னேரம் என் பக்கத்தில் வந்திருந்து கேட்டார்:

"கல்லடிப் பாலத்தால வரக்குள்ள நான் ஜன்னல் ஓரம்தான் இரிந்தன். அதால வாவிக்குள்ள விழுந்திருக்கலாம்தானே?"

பொக்கற்றுக்குள் கிடந்தது ஜன்னலால் எப்படி விழும்? "ஓம் தாத்தா" என்றேன்.

"உப்புத் தண்ணி. கார்டும் பழுதாப் போயிரும், என்ன?"

"பழுதாப் போயிரும்."

"நீ கொம்பியூட்டர் படிச்சவ. நீ சொன்னாச் சரி" என்று எழுந்து போனார். அடுத்த நாள் வந்து அதே கேள்வியைக் கேட்டார்.

ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இப்படியே விட்டுவிடலாம் என்று நான் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. படம் வெளியே வந்த பிறகு அந்தப் பிள்ளைகள் அறிவதைவிட, வருமுன் தன் வாயால் அறியட்டும் என்றார். அந்தச் சின்னக் கமராவுக்குள் இருந்த கல்யாணங்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாய்ப் போனார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன்.

முதல் வீட்டில் அந்தப் பெண் சிரித்தாள். "இதுக்கா தாத்தா இந்த முகம்? எல்லாரும் போனில எடுத்துப் போட்டுத்தானே திரியிறாங்க." எனக்கு மூச்சு வந்தது. தாத்தாவுக்கு வரவில்லை. இன்னொரு வீட்டில், கணவர் சவூதியில் இருக்கிற பெண், கைக்குழந்தையோடு வாசலிலேயே இருந்துவிட்டாள். "அவர் அறிஞ்சா..." என்று தொடங்கி அழுதாள். வேறொரு வீட்டில் உம்மாக்காரி முழுவதையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.

ஏறாவூரில் ஒரு வீட்டில் நடந்ததுதான் அவரை உடைத்தது. அந்தப் பெண் கோபப்படவில்லை. மெல்லிய குரலில்தான் கேட்டாள்.

"நான்தானே தாத்தா பட்டன அமத்தினேன். சின்னதையும் வீட்ட போய் அழிக்கிறன் எண்டு நீங்க சொன்னீங்கதானே."

"சொன்னேன் மகள்."

"ஏன் சொன்னீங்க?"

மௌத்தான பெண்ணின் உம்மா கதையைச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன். சொன்னால் அவள் விளங்கிக்கொண்டிருப்பாள், அதே ஊர்க்காரிதானே. தாத்தா சொல்லவில்லை. இன்னொருத்தியின் துக்கத்தைத் தன் குற்றத்துக்குச் சாட்டாகக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை என்று வரும் வழியில் சொன்னார். பஸ்ஸில் ஷோல் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்.

ஒரு படமும் வெளியே வரவில்லை. மாதங்கள் போயின, எந்தப் போனிலும் எந்த வட்ஸ்அப் குழுவிலும் எதுவும் வரவில்லை. அந்தக் கமராவை எடுத்தவர் அதைத் திறந்தாரா, விற்றாரா, குப்பையில் போட்டாரா, இல்லை உண்மையிலேயே வாவிக்குள்தான் கிடக்கிறதா, இன்றுவரை தெரியாது. வந்திருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். வராததற்கு அழுகிற நாள் எது? கல்யாணங்களுக்கு அவரைப் பெரும்பாலும் யாரும் அழைக்கவில்லை. ஒன்றிரண்டு பேர் அழைத்தபோதும் அவர் போகவில்லை.

அடுத்த வருடம் என் தங்கைக்குக் கல்யாணம் சரிவந்தது. பொம்புளைப் பக்கத்துக்குக் கமரா தாத்தாதான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். உம்மாவுக்கு விருப்பமில்லை. "ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" என்றார்.

"தாத்தா எடுத்தா எடுக்கட்டும். இல்லாட்டி ஒருத்தரும் எடுக்க வேணா. போனுகளையும் வாசல்ல வாங்கி வைங்க" என்றாள் தங்கை.

அவள்தான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். தாத்தா பெரிய கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அறைக்குள் வந்தபோது பேச்சு நின்றது. கட்டிலில் இருந்த ஒரு மாமி கழற்றி வைத்த ஷோலை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். தாத்தா அதைப் பார்த்தார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். தங்கை, "இஞ்சால வாங்க, என்ட மருதோண்டியப் பாருங்க" என்று கையை நீட்டினாள். தாத்தா கமராவைத் தூக்கினார்.

அன்று முழுக்க அவர் அமத்திக்கொண்டே இருந்தார். முதலில் எல்லோரும் முதுகை நிமிர்த்தி, வாயை மூடி இருந்தார்கள். மெல்ல மெல்ல அவரை மறந்தார்கள். சோறு வந்தது, சிரிப்பு வந்தது, அந்த மாமியின் ஷோல் தோளுக்கு இறங்கியது. இடையிடையே திரையைத் தங்கைக்குக் காட்டினார். "பாரு, எவ்வளவு வடிவா வந்திருக்கு." நானும் எட்டிப் பார்த்தேன். உம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு சிரிக்கிற படம் ஒரு கணம் வந்து போனது. பழைய தாத்தா திரும்பிவிட்டார் என்று எனக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

சில நாள் கழித்துத் தங்கையும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். படத்தை டீவியில் கொழுவிக் காட்ட அவர்தான் வருவார் வழக்கமாக. இந்த முறை வரவில்லை. கமரா மேசையில் இருந்தது. தாத்தா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"அதுக்குள்ள ஒண்டுமில்ல மகள்" என்றார். "கார்ட் போடல்ல."

எனக்கு உடனே விளங்கியது. கார்ட் இல்லாமலும் அமத்த அந்தக் கமரா விடும். எடுத்த படம் திரையில் ஒருமுறை தெரிந்து, அத்தோடு போய்விடும். தங்கைக்கு விளங்கவில்லை. நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

"போடத்தான் எடுத்தன்" என்றார் தாத்தா. "கைதவறிக் கீழ விழுந்திட்டு. குனிஞ்சி எடுக்க எனக்கு ஏலாமப் போச்சு. பயம் வந்திட்டு புள்ள."

"பின்ன என்னத்துக்கு நாள் முழுக்க அமத்திக்கொண்டு நிண்டீங்க?" என்று கேட்டாள் தங்கை.

"எல்லாரும் சிரிக்கத் தொடங்கிட்டாங்க மகள். எப்புடி நிப்பாட்டுறது?"

தங்கை எழுந்து போய்விட்டாள். நெடுநாள் அவரோடு பேசவில்லை. கல்யாண அறையில் எடுத்த படம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. ஆண்கள் பக்கத்து ஸ்டூடியோக்காரர் அவளை எடுத்ததுமில்லை. இப்போது கைக்குழந்தைக்குப் போனில் ஆயிரம் படம் எடுக்கிறாள். தாத்தாவின் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

தாத்தா எதிர்வீட்டில்தான் இருக்கிறார். பெரிய கமராவைத் தம்பி வந்தபோது திருப்பிக் கொடுத்துவிட்டார். யாருடைய கல்யாணத்துக்கும் போவதில்லை. கதைப்பது குறைந்துவிட்டது. போனில் தெரியாத இலக்கத்திலிருந்து ஏதாவது வந்தால் மட்டும் படலையைத் திறந்துகொண்டு வருவார். தான் திறக்கமாட்டார். போனைத் திரை கீழே இருக்கும்படி பிடித்து என்னிடம் நீட்டுவார்.

நேற்றும் வந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கித் திறந்தேன். யாரோ எல்லோருக்கும் அனுப்பிய வெள்ளிக்கிழமை ஜும்ஆ வாழ்த்து. ரோசாப்பூவும் பள்ளிவாசலும்.

"ஒண்டுமில்ல தாத்தா. வாழ்த்துத்தான்."

"ஆக்கள் இல்லையே?"

"இல்ல. பூ."

"கீழ கொஞ்சம் தள்ளிப் பாரு தங்கச்சி."

தள்ளிப் பார்த்தேன். அதன் கீழே ஒன்றும் இல்லை. அவர் நம்பும்வரைக்கும் விரலைத் திரையில் வைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.